கியூ தோட்டத்துக் கண்ணாடி வீடுகள்: பிப்ரவரியில் அம்மாவை அழைத்துப் போகலாமா?

குளிர்தாங்கி:

வணக்கம். லண்டன்வாசிகளிடம் ஒரு யோசனை கேட்கிறேன்.

அம்மா குளிர்காலத்தில் வந்து மாட்டிக்கொண்டார். பேத்தி பிறந்த நேரம் அப்படி. கோடைவரை காத்திருக்க அவருக்கு மனம் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கவைத்து, எங்களுக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, மீதி நேரம் முழுக்க ரேடியேட்டரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "சன்னலுக்கு வெளியே ஒரு மரத்திலாவது இலை இருக்கிறதா பார்" என்று புலம்புகிறார். அருங்காட்சியகம் என்றால் முழங்கால் வலி நினைவுக்கு வந்துவிடுகிறது. கடைத்தெரு என்றால் பவுண்டை ரூபாயாகப் பெருக்கத் தொடங்கிவிடுகிறார். செடிகொடிப் பேச்சை எடுத்தால் மட்டும் அவரை நிறுத்த முடியாது.

அலுவலகத்தில் ஒருவர், "கியூ தாவரவியல் தோட்டத்துக் கண்ணாடி வீடுகளுக்கு அழைத்துப் போ, உள்ளே வேர்த்துக் கொட்டும்" என்றார். ஆசையோடு வந்து அம்மாவிடம் சொன்னேன். "வாழை மரத்தையும் தென்னை மரத்தையும் பார்க்க டிக்கெட்டா? கொல்லையில் நிற்கிற மரத்துக்கு யாராவது காசு கொடுப்பார்களா?" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.

போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். பிப்ரவரியில் உள்ளே உண்மையிலேயே சூடாக இருக்குமா? பல கண்ணாடி வீடுகள் இருக்கின்றனவாமே, முழங்கால் வலிக்காரர் எதைப் பார்க்கலாம், எதை விடலாம்? வெப்பமண்டலத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது?

பச்சைத்தடம்:

சூட்டைப் பற்றி முதலில். எல்லாக் கண்ணாடி வீடும் சூடாக இருக்காது, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டெம்பரேட் ஹவுஸ் மிதவெப்பப் பகுதிச் செடிகளுக்கானது. உறைபனி தாக்காமல் காப்பதோடு சரி. பிப்ரவரியில் அங்கே கோட்டைக் கழற்ற மாட்டீர்கள். குளிருக்குத் தஞ்சம் புக பாம் ஹவுஸும் பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ் கன்சர்வேட்டரியும்தான். இருப்பதிலேயே புழுக்கமானது வாட்டர்லில்லி ஹவுஸ், ஆனால் அதைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

கியூ கார்டன்ஸ் ஸ்டேஷனில் இறங்கினால் விக்டோரியா கேட் நடக்கும் தூரம்தான். அந்த வாசலிலிருந்து பாம் ஹவுஸும் கிட்டத்தில். டிக்கெட்டை இணையத்திலேயே எடுத்துவிடுங்கள், வாசலில் எடுத்தால் விலை கூடுதல். சக்கர நாற்காலி இரவலாகத் தருகிறார்கள், காசு கிடையாது. முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அம்மா "நான் என்ன நோயாளியா" என்பார். கையோடு ஒன்றைத் தள்ளிக்கொண்டு போங்கள், தோட்டத்தின் பரப்பைப் பார்த்தபின் தானாகவே உட்கார்ந்துகொள்வார்.

காலையிலேயே கிளம்பிவிடுங்கள். தோட்டத்தின் வெளிவாசலை மூடுவதற்கு முன்பே கண்ணாடி வீடுகளைப் பூட்டிவிடுவார்கள். மூக்குக்கண்ணாடி உள்ளே நுழைந்ததும் ஆவி படிந்து வெளுத்துப்போகும். கேமரா வைத்திருந்தால் கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும், சூடேறியபின் வெளியே எடுங்கள்.

இன்னொன்று: பாம் ஹவுஸை நீண்ட காலம் மூடிச் சீரமைக்கும் திட்டம் ஒன்றைக் கியூ அறிவித்திருக்கிறது. போகிற நாளில் எந்தெந்த வீடு திறந்திருக்கிறது என்று அவர்களின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிப்ரவரியில் ஆர்க்கிட் விழாவும் நடக்கும். அதனால் சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம்.

கான்கிரீட்காட்டான்:

அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பேன். இவ்வளவு காசு கொடுத்துத் தென்னையைப் பார்ப்பதைவிட நகரத்துக்கு நடுவில் பார்பிகன் கன்சர்வேட்டரிக்குப் போங்கள். கட்டணம் இல்லை. எல்லா நாளும் திறப்பதில்லை என்பதால் முன்பே இணையத்தில் இலவச டிக்கெட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பார்பிகன் கலை மையத்தில் நாடக அரங்கு ஒன்று இருக்கிறது. மேடைக் காட்சித் திரைகளைத் தூக்கி மறைப்பதற்காக அரங்கின்மேல் உயரமாக ஒரு கோபுரம் எழுப்பவேண்டி வந்தது. அந்த மொட்டைக் கான்கிரீட் கோபுரம் கண்ணை உறுத்துகிறது என்று அதைச் சுற்றிக் கண்ணாடி போட்டுச் செடி வைத்துவிட்டார்கள். அப்படி வந்ததுதான் இந்தத் தோட்டம். 1980களில் திறந்தார்கள், சுமார் 1,500 வகைச் செடிகள். லண்டனில் கியூவுக்கு அடுத்த பெரிய கண்ணாடித் தோட்டம் இதுதான். சாம்பல் நிறக் கான்கிரீட் மாடியிலிருந்து கொடிகள் அருவிமாதிரி இறங்குவதைப் பார்த்தால், மனிதர்கள் காலி செய்துவிட்டுப் போன ஊரைக் காடு பிடித்ததுபோல் இருக்கும். குளத்தில் மீன்கள், தனியே ஆமைகள். ஹாம்ப்ஸ்டெட் ஹீத் குளங்களில் இருந்த மற்ற உயிர்களைப் படுத்திய பாட்டுக்காக நாடுகடத்தப்பட்ட ஆமைகள் அவை. அம்மாவுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

ஸ்கை கார்டன் என்று ஒருவர் வந்து சொல்வார், நம்பாதீர்கள். பெயர்தான் தோட்டம், செடி வைத்த காபிக்கடை. ஊரை மேலிருந்து பார்க்கலாம், அதற்குப் போகலாம்.

பால்மரத்தாள்:

தம்பி, உங்கள் அம்மா கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் பாம் ஹவுஸுக்கு உள்ளேயே நின்றுகொண்டிருக்கிறது.

நான் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது கியூவிலிருந்து பஸ் பிடித்தால் வந்துவிடும் தூரத்தில் குடியிருக்கிறேன். ஆண்டுச் சந்தா கட்டியிருப்பதால் குளிர்காலத்தில் என் மூட்டுக்கு ஒத்தடம் அந்தக் கண்ணாடி வீடுதான். இலவசம் இல்லைதான், கான்கிரீட்காட்டான் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அந்த வீட்டை வெறும் அழகுக்குக் கட்டியது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். 1844-இல் தொடங்கி 1848-இல் முடித்தார்கள். டெசிமஸ் பர்ட்டன் கட்டடக் கலைஞர், டப்ளினைச் சேர்ந்த ரிச்சர்ட் டர்னர் இரும்புப் பட்டறைக்காரர். மரங்கள் வளர இடம் விட்டு, தூண்களை நெருக்காமல், அத்தனை அகலத்துக்குக் கண்ணாடிக் கூரை போடும் வித்தை அன்றைக்குக் கப்பல் கட்டுகிறவர்களிடம் இருந்தது. கப்பல் தளத்தைத் தாங்கும் இரும்பு விட்டங்களை வளைத்து விலா எலும்புகளாக நிறுத்திவிட்டார்கள். அடுப்புகள் தரைக்கு அடியில். புகை கண்ணாடியில் படியக் கூடாது என்று சுரங்கம் வெட்டி, தூரத்தில் ஒரு கோபுரத்தின் வழியே வெளியேற்றினார்கள். அதே சுரங்கத்தில் தண்டவாளம் போட்டு நிலக்கரி வண்டியும் ஓட்டினார்கள். விக்டோரியா கேட் அருகே செங்கல்லில் அழகாக நிற்கும் அந்தக் கோபுரத்தை மாதா கோயில் மணிக்கூண்டு என்று நினைத்து எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அது புகைபோக்கி.

கதவைத் திறந்ததும் முகத்தில் அறைவது ஈரம். நனைந்த மண் வாடையும் இலை மக்கும் வாடையும் கலந்து வரும். மேலே இரும்பு விலாவில் திரண்ட நீர் எப்போதாவது பிடரியில் சொட்டும். கம்பளிக்குள் சுருண்டு வந்தவர்கள் முதலில் தொப்பி, பிறகு கழுத்துத் துணி, பிறகு கோட்டு என்று ஒவ்வொன்றாக உரித்துக் கையில் சுமந்துகொண்டு திரிவார்கள். தரையில் பல இடங்களில் துளையிட்ட இரும்புத் தட்டுகள் இருக்கும். அம்மா ஊன்றுகோல் வைத்திருந்தால் முனை சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெற்குக் கோடி ஆப்பிரிக்கா. நடுப்பகுதி அமெரிக்கக் கண்டங்கள். வடக்குக் கோடியில் ஆசியாவும் பசிபிக் தீவுகளும். எல்லோரும் தென்னையையும் வாழையையும் தேடி ஓடுவார்கள். நீங்கள் நடுப்பகுதியில் நில்லுங்கள். அங்கே கொக்கோ மரம் உண்டு. பலாவைப்போல அடிமரத்திலேயே காய் விடும், அம்மா அதைப் பார்த்துத் தலையாட்டுவார். அதே பகுதியில் ரப்பர் மரத்தைக் கேட்டு விசாரியுங்கள். ஒரு காம்புக்கு மூன்று இலை, சாம்பல் பட்டை, கண்ணைப் பறிக்கும் பூ எதுவும் கிடையாது. அதன் முன்னால் யாரும் நிற்பதில்லை. எனக்கு அது வசதிதான்.

1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். எண்ணெய்ப்பசை உள்ள விதை அது, சில வாரங்களில் கெட்டுவிடும். ஜோசப் ஹூக்கர் கியூவுக்கு இயக்குநராக இருந்த காலம். ஜூன் மாதம் மூட்டைகள் வந்து இறங்கியவுடன் இங்குள்ள கண்ணாடி வீடுகளில் இடம் ஒழித்து அத்தனையையும் விதைத்தார்கள். நூற்றுக்கு நாலைந்துகூட முளைக்கவில்லை. முளைத்தவற்றில் பெரும்பகுதியை அந்த ஆண்டே இலங்கைக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தன. அவற்றில் சில அங்கிருந்து மலாயாவின் பேராக்கில் உள்ள கோலகங்சாருக்குப் போயின. அன்று நட்டவற்றில் ஒரு மரம் அங்கே இன்னும் நிற்கிறது. சிறுவயதில் பார்த்திருக்கிறேன், வேலி போட்டுப் பலகை வைத்திருப்பார்கள்.

நட்டதோடு விஷயம் முடியவில்லை. சிங்கப்பூர்த் தோட்டத்துக்கு 1888-இல் தலைவராக வந்த ஹென்றி ரிட்லிதான் மரத்தைக் கொல்லாமல், பட்டையை மட்டும் மெல்லச் சீவி, அதே மரத்தில் ஆண்டுக்கணக்கில் பால் எடுக்கும் முறையை நிலைநாட்டியவர். பார்க்கிற துரைமாரின் சட்டைப்பையில் எல்லாம் விதையைத் திணித்து "இதை நடு" என்று நச்சரித்ததால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்றே பெயர். மோட்டார் வண்டியும் டயரும் வந்தபின் ஒருவரும் சிரிக்கவில்லை. ஓய்வுபெற்று இதே கியூவில் குடியிருந்து, நூறு வயதைத் தொட்டு, 1956-இல் இறந்தார்.

காடழித்து ரப்பர் நட்டார்கள், பால் எடுக்க ஆள் வேண்டும் என்றார்கள், நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களில் என் பாட்டனும் ஒருவர். என் அம்மா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய்விடுவார். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது நின்றுவிடும் என்பதால் இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக ஓட வேண்டும். பட்டையில் கத்தி சரிவாக இறங்கும்போது தாள் கனத்துக்குச் சுருள் விழும். அதற்குமேல் ஆழம் போனால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் ஏச்சு. முந்திய நாள் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உரித்தெடுப்பதும் பால் வடியும் மங்கு என்ற கிண்ணத்தைத் துடைப்பதும் பிள்ளைகளான எங்கள் வேலை. விரல் இடுக்கில் அந்தப் பால் காய்ந்து ஒட்டினால் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டிருப்போம். புளித்த வாடை கூடவே வரும்.

பாம் ஹவுஸ் மரத்தின் பட்டை அடியிலிருந்து நுனிவரை ஒரு கோடு இல்லாமல் இருக்கிறது. சீவாத பால்மரத்தை நான் லண்டனுக்கு வந்துதான் பார்த்தேன்.

மலேரியா மருந்து தரும் கொய்னா மரமும் இப்படித்தான். தென்னமெரிக்க மலைகளில் சேகரித்த விதை, 1860களில், கியூவைத் தொட்டு நீலகிரிக்குப் போனது. பாம் ஹவுஸில் நித்தியகல்யாணியும் உண்டு. வீட்டு வாசலில் தானாக முளைக்கும் அந்தப் பூச்செடியிலிருந்துதான் இரத்தப் புற்றுநோய்க்கான மருந்து எடுக்கிறார்கள். அது மடகாஸ்கர் செடி. நம் ஊர்க் கோயில் பூ என்று அம்மா சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். ஆக, டிக்கெட்டுக்குக் காசு வாழையைப் பார்க்க இல்லை. கொல்லையில் நிற்பது எப்படிக் கொல்லைக்கு வந்தது, யார் எங்கே எடுத்து எங்கே வைத்தார்கள் என்பதைப் பார்க்க. அதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சூட்டுக்காகவாவது அழைத்து வாருங்கள். உட்கார இருக்கை இருக்கிறது.

சேனைக்கிழங்கன்:

அக்கா எழுதியபின் நான் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றினாலும், தனிமரங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

பாம் ஹவுஸின் தெற்குக் கோடியில், தொட்டியில் சாய்ந்து, முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும் ஒரு சைக்கட் மரத்தைத் தேடுங்கள். பார்த்தால் ஈச்சமரத்தின் தம்பி என்பீர்கள். உறவே இல்லை, டைனோசர் காலத்துக் குடும்பம். கியூவுக்காகச் செடி சேகரித்த பிரான்சிஸ் மாசன் 1775-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. உலகிலேயே வயதான தொட்டிச்செடி என்று சொல்கிறார்கள். ஆண்டுக்கு ஓர் அங்குலம் வளர்ந்தால் அதிகம். கியூவில் அது கூம்பு விட்டது ஒரே முறை, 1819-இல். அதைப் பார்க்க, கியூவை வளர்த்தெடுத்த தாவரவியலாளர் ஜோசப் பாங்க்ஸே வந்தார், அடுத்த ஆண்டு இறந்துவிட்டார். மரம் இன்னும் இருக்கிறது.

அதன் உறவுக்காரன் ஒருவன் டெம்பரேட் ஹவுஸில் இருக்கிறான். பெயர் என்செபலார்டோஸ் வுடியை (Encephalartos woodii). 1895-இல் ஜான் மெட்லி வுட் தென்னாப்பிரிக்காவில் ங்கோயே (Ngoye) என்ற காட்டில் ஒரே ஒரு புதரைக் கண்டார். அது ஆண் மரம். அதற்குப்பின் எத்தனையோ பேர் தேடியும் பெண் மரம் கிடைக்கவில்லை. 1899-இல் அதன் பக்கக்கன்று ஒன்று கியூவுக்கு வந்தது. உலகத் தோட்டங்களில் இருப்பவை எல்லாம் அந்த ஒரே மரத்தின் கன்றுகள், அத்தனையும் ஆண். அண்மையில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் அந்தக் காட்டின்மேல் டிரோன் பறக்கவிட்டு, எடுத்த படங்களைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அலசிப் பெண் தேடினார்கள். வரன் தேடும் அம்மாக்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால் மரத்தைப் பார்க்காமல் வரமாட்டார்கள். டெம்பரேட் ஹவுஸில் குளிரும்தான், பச்சைத்தடம் சொன்னது உண்மை. ஆனால் விக்டோரியா காலத்துக் கண்ணாடி வீடுகளில் எஞ்சியவற்றில் உலகிலேயே பெரியது அது. ஐந்து ஆண்டுகள் பிரித்துப் பூட்டி 2018-இல் திறந்தார்கள். கோட்டோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம்.

என் பெயருக்கு வருகிறேன். பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ் கன்சர்வேட்டரியில் டைட்டன் ஆரம் வைத்திருக்கிறார்கள், சுமத்ராக் காட்டுச் செடி. பிணவாடை வீசும் பெரிய பூ என்று செய்தியில் வருமே, அதுதான். அந்தத் தீவுக்கு வெளியே அது முதலில் பூத்தது 1889-இல், கியூவில். பூவைப் பார்க்க அதிர்ஷ்டம் வேண்டும். ஆனால் இலையைப் பாருங்கள்: ஒற்றைத் தண்டு, பச்சையில் வெளிர் திட்டுகள், உச்சியில் குடையாக விரியும் ஒரே இலை. அம்மா ஒரு பார்வையில் "இது சேனை" என்று சொல்லிவிடுவார். சரிதான், ஒரே பேரினம், இரண்டும் அமார்போபாலஸ். இது ஆளைவிட உயரமாக வளர்ந்த சேனை. கிழங்கே ஒரு மூட்டை கனம். தாவரவியல் படித்தவர்கள் பலகையைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள், கிழங்கு நறுக்கிக் கை அரித்தவர்களுக்குத் தண்டே போதும்.

குளிர்தாங்கி:

எல்லோருக்கும் நன்றி. பால்மரத்தாள் அம்மா எழுதியதை இரவு சத்தமாகப் படித்துக் காட்டினேன். "பால்மரம் எழுதின அம்மா நாளைக்கும் எழுதுவாரா?" என்று அம்மா கேட்கிறார். மலாயா போய்த் திரும்பாத பெரியப்பா ஒருவர் எங்கள் குடும்பத்திலும் உண்டாம். எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

போவது என்று முடிவாகிவிட்டது. இப்போது வேறு கவலைகள். முதலாவது, வெளியே இரண்டு டிகிரியில் இருந்து உள்ளே போய், வேர்த்து, மறுபடி வெளியே வந்தால் அம்மாவுக்குச் சளி பிடிக்காதா? இரண்டாவது, மூன்று வீட்டையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? மூன்றாவது கொஞ்சம் வெட்கக்கேடானது. எங்கே போனாலும் அம்மா ஒரு கிளையை ஒடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுவார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக் குரோட்டன்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். இவரைக் கியூவுக்குள் விடலாமா?

பச்சைத்தடம்:

விடவே கூடாது! 2014 ஜனவரியில் பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ் கன்சர்வேட்டரியில் இருந்து உலகின் மிகச் சிறிய அல்லிச்செடி ஒன்று காணாமல் போனது. ருவாண்டாவில் ஒரு வெந்நீர் ஊற்றின் ஓரத்தில் மட்டும் வளர்வதாக அப்போது அறியப்பட்டிருந்தது அது. ஊற்று நீரை மனிதர்கள் திருப்பிவிட்டதால் அங்கே அழிந்துபோய், கியூவின் தோட்டக்கலைஞர் கார்லோஸ் மக்தலேனா விதையிலிருந்து முளைக்கவைத்துக் காப்பாற்றி வைத்திருந்தார். யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், போலீஸ் வந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பால்மரத்தாள்:

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். பெரியப்பா எந்தத் தோட்டம் என்று பெயர் தெரிந்தால் எழுதச் சொல்லுங்கள், அந்தப் பக்கத்து மனிதர்கள் யாராவது எனக்குத் தெரிந்திருப்பார்கள்.

சளிக்குப் பயந்தால் உள்ளே நுழைந்ததும் கோட்டு, கம்பளி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். அதிலேயே வேர்த்தால்தான் வெளியே வரும்போது உடம்பு சில்லிடும். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், கதவுக்கு அருகில் உள்ள இருக்கையில் உட்காரவைத்து, முகம் கழுத்தைத் துடைத்து, மறுபடி எல்லாவற்றையும் மாட்டிவிட்டுக் கதவைத் திறங்கள். குழந்தையையும் கொண்டுவருவதாக இருந்தால் இதே முறைதான். வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையை உள்ளே முதல் வேலையாக எடுத்துவிடுங்கள்.

மூன்றும் ஒரே நாளில் வேண்டாம். முதலில் பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ். விக்டோரியா கேட்டிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது, அம்மாவை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள். காலையில் கூட்டம் சேருமுன் பார்த்துவிடலாம். ஒரே கூரையின்கீழ் பத்துத் தட்பவெப்பம்: ஒரு கதவைத் தாண்டினால் கள்ளிகள் நிற்கும் வறண்ட பாலை, இன்னொரு கதவைத் தாண்டினால் மழைக்காடு. ஆர்க்கிட் விழாவுக்காகக் கட்டிய தோரணங்களில் மயங்கிச் சேனையைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். நடுவில் எங்காவது உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிறகு பாம் ஹவுஸ், திரும்பும் வழியில்தான் இருக்கிறது. அங்கே வெள்ளை அடித்த சுழல்படி ஒன்று மேலே நடைமேடைக்குப் போகும். இடுக்கமான படி, ஈரம் வேறு. அம்மா கீழேயே இருக்கட்டும், நீங்கள் ஏறிப் பனைகளின் தலையை மேலிருந்து பார்த்துவிட்டு வாருங்கள். டெம்பரேட் ஹவுஸையும் அந்த மணமாகாத மரத்தையும் கோடையில் பார்த்துக்கொள்ளலாம். அம்மா அதற்குள் ஊருக்குப் போய்விடுவார் என்றால், கிழங்கன் சொன்ன கதையே போதும்.

ஒடிக்கும் பழக்கத்தைப் பற்றி: என் அம்மாவுக்கும் அதே கை. ரப்பர் இலைக்காம்பைக் கிள்ளினால் பால் வரும் என்பது ஒரு சோதனையாகவே உங்கள் அம்மா மனத்தில் தோன்றும், தோன்றாமல் இருக்காது. செடிகளுக்கு நடுவில் ஆட்கள் நடமாடிக்கொண்டே இருக்கிறார்கள், ஒரு அதட்டல் போட்டால் அம்மாவுக்குத்தான் அவமானம். விக்டோரியா கேட் கடையில் தொட்டிச்செடிகள் விற்பார்கள். உள்ளே போகும் முன்பே "திரும்பும்போது ஒன்று வாங்கித் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிடுங்கள், கை சும்மா இருக்கும். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் அதை விமானத்தில் கொண்டுபோக முடியாது என்பதை வாங்கியபின் சொன்னால் போதும். உங்கள் சமையலறைச் சன்னலில்தான் அது இருக்கப் போகிறது. தண்ணீர் ஊற்றினாயா என்று தினமும் போனில் கேட்பார், அது உங்கள் பாடு.